இத்தாலிக்கு முதல் பயணம்: இரண்டு வாரம், நான்கு நகரங்கள்

இத்தாலிக்குப் போவதென்று முடிவானதும் எல்லோரும் முதலில் செய்வது, ஒரு தாளை எடுத்து ஊர்ப் பெயர்களை எழுதுவது. ரோம், வெனிஸ், ஃப்ளோரன்ஸ், மிலான், பீசா, நேப்பிள்ஸ், அமால்ஃபி, கோமோ ஏரி என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவ்வளவு செலவழித்துப் போகிறோம், எதையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆயினும் அந்தப் பட்டியலை அப்படியே பயணத் திட்டமாக மாற்றினால் நீங்கள் இத்தாலியைவிட அதன் ரயில் நிலையங்களையே அதிகம் பார்த்துத் திரும்புவீர்கள். எங்கள் முதல் பயணத்தில் 12 இரவுகளுக்குள் 6 ஊர்களை அடுக்கியிருந்தோம். ஒன்றுவிட்டு ஒரு நாள் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. ஃப்ளோரன்ஸில் எங்களுக்குக் கிடைத்த ஒரே முழுநாள் திங்கட்கிழமையாக அமைந்துவிட்டது. அன்று அந்த ஊரின் முக்கியமான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதை வாசலுக்குப் போன பிறகுதான் அறிந்தோம். அந்தத் தவறு உங்களுக்கு நேராதபடி, திட்டமிடும் வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: இரவுகளைப் பங்கிடுதல்

நாள்களை எண்ணாமல் இரவுகளை எண்ணுங்கள். ரயிலில் இரண்டே மணி நேரம்தான் என்றாலும், ஊர் மாறும் நாள் அரை நாளையாவது விழுங்கிவிடும். காலையில் அறையைக் காலிசெய்து, நிலையத்துக்குப் போய்க் காத்திருந்து, புதிய ஊரில் இறங்கி வழி கண்டுபிடித்துச் சேரும்போது நண்பகல் கடந்திருக்கும். அங்கே அறையின் சாவி பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கைக்கு வரும். எனவே ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு முழுநாள், மூன்று இரவு தங்கினால் இரண்டு முழுநாள். ஒரே இரவு தங்குவதை முதல் பயணத்தில் அறவே தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு வார விடுப்பில் விமானப் பயணம் போக 13 இரவுகள் மிஞ்சும். அவற்றை வெனிஸில் 3, ஃப்ளோரன்ஸில் 4, நேப்பிள்ஸில் 2, ரோமில் 4 என்று பிரித்துக்கொள்வது முதல்முறை செல்வோருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இந்த வரிசைக்கும் காரணம் உண்டு. இத்தாலியின் கடிகாரம் இந்திய நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியது. அதனால் முதல் இரண்டு நாள்களில் விடியற்காலை 3 அல்லது 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும். மற்ற ஊர்களில் அது தொல்லை, வெனிஸில் பாக்கியம். பகலில் நிற்க இடமில்லாத சான் மார்க்கோ சதுக்கம் காலை 6 மணிக்குப் புறாக்களோடும் துப்புரவுப் பணியாளர்களோடும் மட்டும் இருக்கும். ரோமைக் கடைசியில் வைப்பது, திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே நீங்கள் அந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதற்காக. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடப்பது. விமானத்தன்று காலையில் வேறோர் ஊரிலிருந்து ரயிலேறி வரும் திட்டம் ஆபத்தானது.

மிலானை விட்டுவிட்டோமே என்று தோன்றலாம். லியொனார்தோ தா வின்சியின் 'இறுதி இராவுணவு' ஓவியத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் மிலானில் இறங்கி இரண்டு இரவு தங்கி, நேப்பிள்ஸைக் கைவிடலாம். அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அந்தப் பாதை கார்தா ஏரியின் தென்கரையை ஒட்டிச் செல்லும்போது, சற்றுத் தெற்கே காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூர் இருக்கிறது. நம் வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர் அது. அமால்ஃபி கடற்கரையையும் சிசிலியையும் இந்தப் பயணத்தில் நுழைக்க வேண்டாம். இரண்டும் தனித்தனியாக ஒரு வாரம் கேட்பவை.

எப்போது போவது என்ற கேள்விக்கு, ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே இறுதிவரை, அல்லது செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் இறுதிவரை என்பதே நல்ல விடை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் சென்னையை நினைவூட்டும்; பழைய கட்டடங்களில் குளிர்சாதன வசதி எங்கும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாள்களில் குடும்பத்தார் நடத்தும் சிறு உணவகங்கள் பலவும் அடைத்துக் கிடக்கும். பள்ளி விடுமுறையை ஒட்டிப் போகிறவர்கள், ஈஸ்டர் வாரத்தையும், இத்தாலியில் பொது விடுமுறைகளான ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகிய நாள்களையும் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு திட்டமிட வேண்டும்.

இரண்டாவது வேலை: கிழமைகளைப் பொருத்துதல்

எந்தத் தேதி என்பதைவிட எந்தக் கிழமை என்பது இத்தாலியில் முக்கியமானது. ஃப்ளோரன்ஸின் உஃபீத்சி, மைக்கேலேஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதேமியா, ரோமின் பொர்கேசே ஆகிய கலைக்கூடங்கள் திங்களன்று மூடப்படும். வத்திக்கான் அருங்காட்சியகங்களுக்கு ஞாயிறு விடுமுறை; மாதத்தின் கடைசி ஞாயிறன்று மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், ஆனால் அன்றைய கூட்டம் தாங்க முடியாதது. நேப்பிள்ஸின் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடும். புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் பொதுமக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி சதுக்கத்தில் நடந்தால் புனித பேதுரு பேராலயத்துக்குள் அந்த நேரத்தில் நுழைய முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்கள் இலவசம்; உள்ளூர்க் குடும்பங்கள் திரண்டு வரும் நாள் அது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், வெள்ளி இரவு அல்லது சனி அதிகாலையில் இந்தியாவிலிருந்து கிளம்பி, சனிக்கிழமை வெனிஸில் இறங்குவதே மிகச் சரியாகப் பொருந்துகிறது. சனி, ஞாயிறு, திங்கள் இரவுகள் வெனிஸில் கழியும். அங்கே தோஜே அரண்மனை திங்களன்றும் திறந்திருக்கும். செவ்வாயன்று ஃப்ளோரன்ஸுக்கு மாறினால் புதன், வியாழன், வெள்ளி என மூன்று முழுநாள்கள் எந்தக் கதவும் மூடாமல் கிடைக்கும். இரண்டாம் சனிக்கிழமை காலை நேப்பிள்ஸுக்கு ரயிலேறினால் அன்று பிற்பகலில் அருங்காட்சியகத்தையும், கி.பி. 79இல் எரிமலை வெடித்துப் புதையுண்ட பழைய நகரமான பொம்பெயை மறுநாளும் பார்த்துவிடலாம். திங்கள் பிற்பகல் ரோமுக்குப் போய், செவ்வாய், புதன், வியாழன் அங்கே கழித்து, வெள்ளியன்று விமானம் ஏறலாம். மூடும் நாள்களும் நீங்கள் ஊர் மாறும் நாள்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் இந்த ஏற்பாட்டின் பயன். வேறு கிழமையில் கிளம்ப நேர்ந்தால், எந்த ஊரில் எந்தத் திங்கள் வருகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு இரவுகளை மாற்றிப் பங்கிடுங்கள்.

விமானமும் விசாவும்

ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்புவதற்கு ஒரே பயணச்சீட்டாக வாங்க முடியும். விமான நிறுவனங்களின் தளங்களில் பல நகரங்கள் என்ற தேர்வில், போவது வெனிஸ், வருவது ரோம் என்று கொடுத்துத் தேடுங்கள். ரோமுக்கே போய் ரோமிலிருந்தே திரும்பும் சீட்டு சற்று மலிவாகத் தெரியலாம்; அதற்காக ரோமில் இறங்கி வெனிஸுக்குப் போகும் ரயில் கட்டணத்தையும் வீணாகும் நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த மலிவு கரைந்துவிடும்.

இந்தியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையாமல் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில், கோடைப் பருவத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கடினம் என்பதால், மூன்று மாதம் முன்பே நேரம் பதிவுசெய்ய முயலுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதில் பாதி. மைய சேவைக் கட்டணம் தனி. கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

விண்ணப்பத்தோடு வைக்கும் தாள்களில் மிகவும் உதவுவது, நாம் ஏற்கெனவே போட்டுவைத்த இரவுக் கணக்குத்தான். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த விடுதி, எந்த ரயில் என்று ஒரே பக்க அட்டவணையாக அதைத் தட்டச்சு செய்து, விடுதி முன்பதிவுகள் ஓர் இரவும் விடாமல் அதனோடு ஒத்துப்போகும்படி வையுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், அலுவலகம் தரும் விடுப்புக் கடிதம் ஆகியவை நீங்கள் செலவைத் தாங்க முடியும் என்பதையும் திரும்பி வருவீர்கள் என்பதையும் காட்டுபவை. கடைசி நேரத்தில் கணக்கில் பெரிய தொகையைக் கொண்டுவந்து போடுவது நன்மையைவிடக் கேள்விகளையே கொண்டுவரும். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலான விடுதிகளையே பதிவுசெய்யுங்கள்.

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் விரல்ரேகையையும் முகப் படத்தையும் பதியும் புதிய முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதல்முறை நுழைவோருக்கு இதனால் வரிசையில் நேரம் கூடலாம்; இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் ரயிலுக்குச் சீட்டு எடுத்துவைக்காதீர்கள்.

தங்குமிடம்

வெனிஸில் தீவுக்குள் தங்குவதா, கடலுக்கு இந்தப் பக்கம் உள்ள மெஸ்த்ரேயில் மலிவாகத் தங்குவதா என்பது எல்லோருக்கும் வரும் கேள்வி. மெஸ்த்ரேயிலிருந்து ரயிலில் பத்தே நிமிடம்தான். இருந்தாலும் முடிந்தால் தீவுக்குள்ளேயே தங்குங்கள். பகல் கூட்டம் மாலையில் ரயிலேறிப் போன பிறகு, கால்வாய்களில் தண்ணீர் படிக்கட்டில் மோதும் ஓசை மட்டும் கேட்கும் வெனிஸ்தான் காணத்தக்கது. மெஸ்த்ரேயில் தங்குபவர் அந்த நேரத்தில் கடைசி ரயிலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். பதிவுசெய்யும் முன் வரைபடத்தில் ஒன்றைப் பாருங்கள்: படகுத் துறையிலிருந்து விடுதிவரை எத்தனை பாலங்கள்? அந்த நகரில் நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் உண்டு, அநேகமாக எல்லாவற்றுக்கும் படிகள். சக்கரப் பெட்டியை ஒவ்வொரு பாலத்திலும் தூக்கி ஏற்றித் தூக்கி இறக்க வேண்டும். அங்கே முகவரி தெருப் பெயரால் அல்லாமல் பேட்டையின் பெயராலும் எண்ணாலும் எழுதப்படும். ஆகவே வாசலின் துல்லியமான இடத்தை விடுதிக்காரரிடம் முன்பே கேட்டு வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

மற்ற மூன்று ஊர்களிலும் பெரிய ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் தங்குவது வசதி. ரோமில் தெர்மினி நிலையத்தின் வாசலிலேயே தங்குவதைவிட, தெற்கே பத்து நிமிட நடையில் உள்ள மோன்தி பகுதி எனக்குப் பிடித்தது. கொலோசியத்துக்கும் அங்கிருந்து நடந்தே போகலாம். மின்தூக்கி உண்டா என்று எங்கும் கேளுங்கள். விடுதிகள் உங்கள் கடவுச்சீட்டு விவரத்தைக் காவல்துறைக்குப் பதிவுசெய்வது சட்டம். கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்குச் சில யூரோ என நகராட்சித் தங்கல் வரி தனியாக வாங்குவார்கள். பதிவின்போது காட்டிய விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

ரயில்

இந்த நான்கு ஊர்களுக்கும் அதிவேக ரயில் உண்டு. அரசு நிறுவனமான டிரெனிட்டாலியாவின் ஃப்ரெச்சா வண்டிகளும், இட்டாலோ என்ற தனியார் வண்டிகளும் ஒரே தடத்தில் போட்டி போட்டு ஓடுகின்றன. வெனிஸிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு இரண்டு மணிக்குச் சற்று மேல், ஃப்ளோரன்ஸிலிருந்து நேப்பிள்ஸுக்குச் சுமார் மூன்று மணி, நேப்பிள்ஸிலிருந்து ரோமுக்குச் சுமார் ஒன்றேகால் மணி ஆகும். இவற்றின் கட்டணம் விமானச் சீட்டைப் போல, தேதி நெருங்க நெருங்க ஏறும். இரண்டு மாதம் முன்பே வாங்கினால் பாதிக்கும் குறைவாகக்கூடக் கிடைக்கும். ஆனால் மிக மலிவான சீட்டை மாற்ற முடியாது என்பதை வாங்கும்போதே படித்துக்கொள்ளுங்கள். ரெஜியோனாலே எனப்படும் உள்ளூர் வண்டிகளுக்கு விலை எப்போதும் ஒன்றே. அவற்றுக்கு அன்றே வாங்கினால் போதும். தாள் சீட்டாக இருந்தால் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை இட்ட பிறகே ஏற வேண்டும். முத்திரையில்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமமாக அபராதம் வாங்கித் தரும்.

சீட்டு வாங்கும் இணையதளத்திலும் நிலையத்திலும் ஊர்ப் பெயர்கள் இத்தாலிய வடிவில் இருக்கும். வெனேத்சியா, ஃபிரென்ஸே, நாபொலி, ரோமா என்று தேடுங்கள். நிலையத்தின் பெயரும் முக்கியம்: வெனிஸுக்கு சாந்தா லுச்சியா, ஃப்ளோரன்ஸுக்கு சாந்தா மரியா நொவெல்லா, நேப்பிள்ஸுக்குச் சென்த்ராலே, ரோமுக்குத் தெர்மினி. இவற்றைத் தவிர வேறு பெயர் இருந்தால் ஊரின் ஓரத்தில் இறங்குவீர்கள்.

முதல் ரயிலுக்காக நிலையத்தில் நிற்கும்போது பலரும் தடுமாறும் இடம், தலைக்கு மேலே தொங்கும் அந்தப் பெரிய பலகை. 'பார்த்தென்ஸே' என்பது புறப்பாடு, 'அர்ரீவி' என்பது வருகை. நீங்கள் ஃப்ளோரன்ஸ் போக வேண்டும், ஆனால் பலகையில் ஃபிரென்ஸே என்ற பெயரே இருக்காது. அந்த வண்டி போய்ச் சேரும் கடைசி ஊரின் பெயர்தான், ரோமா என்றோ நாபொலி என்றோ இருக்கும். ஊர்ப் பெயரைத் தேடாமல், உங்கள் சீட்டில் உள்ள வண்டி எண்ணைத் தேடுங்கள். 'பினாரியோ' என்ற தலைப்பின் கீழ் நடைமேடை எண் வரும். அது வண்டி கிளம்பப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான் விழும். அதுவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார்கள், எண் விழுந்ததும் கூட்டம் ஒரே திசையில் நகரும். பதற்றப்படத் தேவையில்லை, பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். 'ரித்தார்தோ' என்ற தலைப்பின் கீழ் வருவது தாமதம், நிமிடக் கணக்கில். 'ஷோப்பெரோ' என்ற சொல்லைக் கண்டால் வேலைநிறுத்தம் என்று பொருள். பெரும்பாலும் அது முன்கூட்டியே அறிவிக்கப்படும், ஆகவே பயணத்துக்கு முந்தைய வாரம் அந்தச் சொல்லைத் தேதியோடு சேர்த்துத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

நுழைவுச் சீட்டுகளை முன்கூட்டியே எடுத்தல்

எதை எப்போது பதிவுசெய்வது என்பதைக் கைபேசியில் நினைவூட்டலாக வைத்துக்கொள்ளுங்கள். கொலோசியத்தின் சீட்டுகள் நீங்கள் போகும் நாளுக்கு 30 நாள் முன்பு திறக்கும்; அவை பெயரிட்டவை, கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும். நம்மில் பலருக்குத் தந்தையின் பெயரும் முதலெழுத்தும் ஆவணத்துக்கு ஆவணம் மாறி இருப்பதால் இதில் கவனம் வேண்டும். அதே சீட்டில் பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரத்தையும் பலத்தீன் குன்றையும் பார்க்கலாம். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மாதம் முன்பே முயலுங்கள். பொர்கேசே கலைக்கூடத்தில் இரண்டு மணி நேர முறைப்படி குறைந்த எண்ணிக்கையினரையே விடுவார்கள், முன்பதிவு கட்டாயம். ஃப்ளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறவும் நேரம் குறித்த சீட்டு வேண்டும். 463 படிகள், மின்தூக்கி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே பார்த்து மகிழலாம். மிலான் போகிறவர்கள் 'இறுதி இராவுணவு' ஓவியத்துக்கான சீட்டைத்தான் எல்லாவற்றுக்கும் முன் எடுக்க வேண்டும். பார்க்கக் கிடைப்பது பதினைந்து நிமிடம், சீட்டு தீர்ந்துபோவது மிக விரைவு.

எல்லாவற்றுக்கும் அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தையே பயன்படுத்துங்கள். தேடலில் முதலில் வந்து நிற்கும் பல தளங்கள் இடைத்தரகர்களுடையவை, அதே சீட்டை இரண்டு மடங்குக்கு விற்பவை. ஒரு நாளைக்கு நேரம் குறித்த பதிவு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. மீதி நேரம் கால் போன போக்கில் நடக்க வேண்டிய ஊர்கள் இவை.

வெனிஸ் நகராட்சி 2024 முதல், வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட சில நாள்களில், பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. அங்கேயே இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விலக்குச் சான்றை இணையத்தில் பதிந்து கைபேசியில் வைத்திருக்க வேண்டும்.

ஊர் ஊராக

வெனிஸ் விமான நிலையத்திலிருந்து பியாத்சாலே ரோமா என்ற பேருந்து முனையத்துக்குப் பேருந்தில் சுமார் இருபது நிமிடம். அதற்கு அப்பால் சக்கரம் வைத்த வண்டி எதுவும் இல்லை. வாபொரெட்டோ எனப்படும் நீர்ப்பேருந்தில் ஒருமுறை செல்ல 9.50 யூரோ, அது 75 நிமிடம் செல்லும். ஒரே நாளில் மூன்று முறை ஏறப்போகிறீர்கள் என்றால் நாள்சீட்டே இலாபம். 1ஆம் எண் படகு பெரிய கால்வாய் முழுவதையும் நின்று நின்று கடக்கும். இருட்டிய பிறகு அதன் முன்பக்க இருக்கை கிடைத்தால் விடாதீர்கள், இரு கரையிலும் அரண்மனைகளின் மேல்மாடி விளக்குகள் எரிய, உள்ளே மரச்சட்டமிட்ட கூரைகள் தெரியும். ஒரு நாளைப் புரானோ, தொர்ச்செல்லோ தீவுகளுக்கு ஒதுக்குங்கள்.

ஃப்ளோரன்ஸ் சிறிய ஊர், எல்லாமே நடைதான். மூன்று முழுநாள்களில் ஒன்றை வெளியூருக்கு வைத்துக்கொள்ளலாம். பீசாவின் சாய்ந்த கோபுரத்துக்கு அரை நாள் போதும். அதே நாளில் ரெஜியோனாலே ரயிலில் அரை மணி தள்ளியுள்ள லூக்காவுக்குப் போய், நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அதன் மதில்மேல் மர நிழலில் ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பலாம். சியெனாவைத் தேர்ந்தால் பேருந்தே வசதி, அது ஊரின் நடுவில் இறக்கிவிடும்.

நேப்பிள்ஸ் இரைச்சலான ஊர், நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே தோன்றாது. அங்கிருந்து பொம்பெய்க்கு, சென்த்ராலே நிலையத்தின் கீழ்த்தளத்தில் உள்ள காரிபால்தி நிலையத்திலிருந்து சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் சுமார் நாற்பது நிமிடம்; 'பொம்பெய் ஸ்காவி' என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது, நிழல் மிகக் குறைவு. உள்ளே நுழைந்ததும் பெரிய கட்டடங்களை நோக்கி விரையாமல் ஒரு தெருவின் நடுவில் நின்று தரையைப் பாருங்கள். கருங்கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரங்கள் உருண்டு உருண்டு விரற்கடை ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். குறுக்கே மூன்று உயரமான கற்கள் இருக்கும். கழிவுநீர் ஓடும் தெருவைக் கால் நனையாமல் கடக்க வைத்தவை அவை. சக்கரம் புகுந்து போகும் இடைவெளி விட்டுக் கற்களை வைத்திருப்பதும், பள்ளம் சரியாக அந்த இடைவெளிக்குள் போவதும் தெரியும். கி.பி. 79இல் நின்றுபோன போக்குவரத்து அது. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தின் இரகசிய அறை என்ற பகுதியில், பொம்பெயில் 1938இல் கிடைத்த தந்தச் சிலை ஒன்று இருக்கிறது; கையடக்கமான பெண் உருவம், மேகலையும் வளையல்களும் பூண்டது. இந்தியாவில் செதுக்கி, எரிமலை வெடிப்பதற்கு முன்பே கடல் கடந்து அங்கே சேர்ந்த சிலை. அந்த அறை திறந்திருக்கிறதா என்று நுழைவிலேயே கேட்டுவிடுங்கள்.

ரோமில் ஒரு நாள் கொலோசியத்துக்கும் ஃபோரத்துக்கும், ஒரு நாள் வத்திக்கானுக்கு, ஒரு நாள் பொர்கேசேக்கும் பழைய நகரின் சதுக்கங்களுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வத்திக்கானுக்குச் செவ்வாய் அல்லது வியாழன் ஏற்றது. தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். வேட்டி, சேலை, சுடிதார் எதுவும் ஏற்றதே. சிறிய தேவாலயங்களைத் தவறவிடாதீர்கள், அவற்றுக்குக் கட்டணம் இல்லை. நவோனா சதுக்கத்துக்கு அருகிலுள்ள சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி ஆலயத்தில் இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில் காரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்கள் உள்ளன. சிற்றாலயம் இருண்டு கிடக்கும். பக்கத்தில் உள்ள சிறு பெட்டியில் ஒரு நாணயம் போட்டால் விளக்கு எரியும். மத்தேயு பணம் எண்ணும் மேசைமேல் சுவரோரமாக வந்து விழும் அந்த வெளிச்சம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். சற்று நேரத்தில் விளக்கு அணைந்துவிடும், சுற்றி நிற்பவர்களில் யாராவது அடுத்த நாணயத்தைத் தேடுவார்கள். இதற்காகவே சட்டைப்பையில் சில நாணயங்களை வைத்திருங்கள். தேவாலயங்கள் பலவும் நண்பகலுக்குப் பிறகு சில மணி நேரம் மூடியிருக்கும்.

சாப்பாடு

சைவ உணவுக்காரர்களுக்கு இத்தாலி எளிதான நாடு, ஆனால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 'சோனோ வெஜெத்தாரியானோ' என்று ஆண்களும் 'வெஜெத்தாரியானா' என்று பெண்களும் சொல்ல வேண்டும். கூடவே 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே', அதாவது இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பட்டியலில் 'பெப்பரோனி' என்று கண்டால் அஞ்ச வேண்டாம், இத்தாலியில் அது குடைமிளகாய். கார்போனாரா, அமத்ரிச்சானா இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு. காய்கறிச் சூப்பில்கூட இறைச்சி வடிநீர் சேர்த்திருக்கலாம். பார்மிஜானோ, பெக்கொரீனோ ஆகிய பாலாடைக்கட்டிகள் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுபவை. அதைத் தவிர்ப்பவர்கள் தக்காளி, பூண்டு, ஓரெகானோ மட்டும் சேர்த்த மரினாரா பீட்சாவையும், எண்ணெயும் பூண்டும் மிளகாயும் போட்ட 'ஆலியோ ஓலியோ' பாஸ்தாவையும் நம்பலாம். ஃப்ளோரன்ஸில் பழைய ரொட்டியும் பீன்ஸும் கீரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ரிபொல்லீத்தா வயிற்றுக்கு இதமானது.

மதிய உணவு பெரும்பாலும் 12.30 முதல் 2.30 வரை, இரவு உணவு 7.30க்குப் பிறகு. இடையில் அடுப்பு அணைந்திருக்கும். குழந்தைகளோ பெரியவர்களோ உடன் வந்தால் ரொட்டியும் பழமும் கையில் இருக்கட்டும். ரசீதில் 'கொபெர்த்தோ' என்று ஒன்றிரண்டு யூரோ இருப்பது இருக்கைக் கட்டணம், அது ஏமாற்று இல்லை. காபியை உள்ளூர்க்காரர்களைப் போல மேடையருகே நின்றபடி குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள் முடியும். அதே காபிக்குச் சதுக்கத்து மேசையில் உட்கார்ந்தால் பல மடங்கு. தண்ணீர் வாங்கத் தேவையில்லை. ரோம் முழுவதும் சுமார் 2,500 தெருக்குழாய்களில் குடிக்கத் தக்க குளிர்ந்த நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு குப்பி இருந்தால் போதும்.

பணம், பொருள், கடைசி நாள்

அட்டை எங்கும் செல்லும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள், இரண்டாவது அட்டை ஒன்றை வேறு பையில் வையுங்கள். இயந்திரம் ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மோசமான மாற்று விலை விழும். ஜேப்படித் திருடர்கள் அதிகம் திரிவது தெர்மினி நிலையம், ரோம் மெட்ரோ, பொம்பெய் ரயில் ஆகிய இடங்களில்; ஏறும்போதும் இறங்கும்போதும் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு எண் 112. நம் மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது, மாற்றி வேண்டும். காலணி மட்டும் புதிதாக இருக்கக் கூடாது. கருங்கல் பாவிய தெருக்களில் ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் அடிகள் சாதாரணம். ஓர் ஆளுக்குக் கையால் தூக்கக்கூடிய ஒரே பெட்டி என்று வைத்துக்கொண்டு, ஃப்ளோரன்ஸில் ஒருமுறை காசு போட்டுத் துவைக்கும் கடைக்குப் போய்வந்தால் இரண்டு வாரமும் சமாளிக்கலாம்.

புறப்படும் நாளில் தெர்மினியிலிருந்து ஃபியுமிச்சீனோ விமான நிலையத்துக்கு லியொனார்தோ விரைவு ரயில் 32 நிமிடம், 14 யூரோ. ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் பொருள் வாங்கி, வரி திரும்பப் பெறும் படிவத்தையும் வாங்கியிருந்தால், பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன்பே அதற்குரிய முகப்புக்குப் போய் முடித்துவிடுங்கள்; அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.